வீட்டுப் பேச்சு வீட்டோட இருக்கட்டும்

ஐயா,

போன ஞாயித்துக்கெழம சாப்ட்டு முடிச்சு கைய கழுவிக்கிட்டே நீ ஒண்ணு கேட்ட. "ம்மா, கல்யாணம் முடிஞ்சு நான் பினாங்குக்குப் போயிட்டா, அடுப்படியில உள்ள இந்தப் பேசுற பெட்டிய அங்க இருந்தே பாத்துக்குற மாதிரி ஒரு வழி வச்சிட்டுப் போகவா? நீங்க மருந்து சாப்ட்டீங்களா, என்ன கேட்டீங்க, என்ன பேசுனீங்கன்னு எனக்கும் தெரியும்ல?"ன்ன. நான் மீன் கொழம்பு சட்டிய தேய்க்கப் போயிட்டேன். நீயும் விட்டுட்ட. ஒத்திக பாக்காம உங்கம்மா எதுக்கும் வாய் தொறக்க மாட்டான்னு உனக்குத் தெரியுமே. இந்தத் தடவ ஒத்திக பாத்தும் வாயால சொல்ல வரல, அதான் எழுதுறேன். கண்ணு ஆப்பரேஷனுக்கு அப்புறம் இவ்வளவு நீளமா எழுதுறது இதான் மொத தடவ. எழுத்து கோணல்மாணலா இருந்தா சிரிக்காம படி.

நான் தனியா பேசுறவ. ஊருக்குத் தெரியாது, இந்த வீட்டுக்குத் தெரியும். யாருக்காச்சும் போன் பண்ணணும்னா, யார்கிட்டயாச்சும் ஒரு விஷயம் கேக்கணும்னா, மொதல்ல அடுப்பு முன்னுக்கு நின்னு சொல்லிப் பாத்துக்குவேன். என் பக்கத்தையும் நானே பேசுவேன், எதிர்ல உள்ளவங்க பக்கத்தையும் நானே பேசுவேன். அவங்க மடக்குவாங்க, நான் திருப்பி மடக்குவேன். உங்கப்பா இருந்தப்போ, முன்னுக்கு உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டே, "இன்னைக்கு யாரு ஜெயிச்சா?"ன்னு கேப்பாரு. "நான்தான்"னா, "அப்ப கோப்பி கொண்டா"ம்பாரு. வேற ஒண்ணும் கேக்க மாட்டாரு. யார்கிட்ட சண்ட, என்ன சண்டன்னு அவரு கேட்டதே இல்ல, அந்த மனுசன்.

இந்தப் பழக்கம் பத்து பாகாட் ஊர்ல துணி தைக்கிற பெக்டரில சேந்தப்போ வந்துச்சு. அப்ப எனக்கு மலாய் திக்கும். சுப்பர்வைசர் நல்ல மனுசன்தான், ஆனா அவரு முன்னுக்குப் போய் நின்னா எனக்கு நாக்கு மேல ஒட்டிக்கும். லீவு கேக்கணும்னா காலையில பெக்டரி பஸ்ல ஏறுனதுல இருந்து எறங்குற வரைக்கும் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டே வருவேன். "என்சிக், நாளைக்கு எங்க வீட்ல விசேஷம்"னு நான் சொல்லுவேன். "உங்க வீட்ல மட்டும் மாசா மாசம் விசேஷமா?"ன்னு அவரா நானே கேப்பேன். டிரைவருக்கு நேர் பின்னுக்கு உள்ள சீட்டு என்னோடது, வேற எங்க உக்காந்தாலும் வாந்தி வந்துரும். அந்த பஸ்ஸ ஓட்டுனவருதான் மாணிக்கண்ணன். பஸ் நெறைய பொம்பளைங்க என்னென்ன பேசிக்கிட்டு வருவோம்னு நெனச்சுப் பாரு. மாமியா கொடும, புருஷன் குடி, யாரு யாரப் பாக்குறா, யாருக்கு எந்த மாசம், எல்லாம் அவரு காதுலதான் விழும். ஒண்ணுகூட பஸ்ஸ விட்டு எறங்குனதில்ல. ஒரு தடவ எங்ககூட தச்ச ஒரு பொண்ணோட அண்ணன் பஸ்ஸ மறிச்சு, "என் தங்கச்சி எவனப் பத்தி பேசிக்கிட்டு வரா, சொல்லுங்கண்ணே"ன்னு நின்னான். மாணிக்கண்ணன் ஸ்டியரிங்ல இருந்து கைய எடுக்கல. "நான் ரோட்டத்தான்டா பாக்குறேன்"னாரு. அவன் வழி விட்டு நின்னுட்டான்.

நீ அப்ப மாணிக்கண்ணன் மாதிரி இல்ல, சொல்லிட்டேன். ஸ்கூல்ல உன்ன பின்னுக்கு உக்கார வச்சிட்டாங்க, போர்டு தெரியலன்னு அழுதுக்கிட்டு வந்த. டீச்சர்கிட்ட எப்படிப் பேசுறதுன்னு நான் வெங்காயம் வெட்டிக்கிட்டே ஒத்திக பாத்தேன். நீ மேசைக்கு அடியில உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்திருக்க. மறுநாள் நான் போறதுக்கு முன்னாடியே நீ இடுப்புல கைய வச்சுக்கிட்டு, என் கொரல்லயே, அந்த டீச்சர் முன்னுக்கு நின்னு முழுசா ஒப்பிச்சிருக்க. நான் போய் நின்னா அந்தம்மா சிரிக்கிறாங்க. "வாங்கம்மா, உங்க மகன் எல்லாத்தயும் திட்டி முடிச்சிட்டான், நீங்க என்ன மிச்சம் வச்சிருக்கீங்க?"ன்னாங்க. எனக்கு மூஞ்சிய எங்க வைக்கிறதுன்னு தெரியல. வீட்டுக்கு வந்து உன்ன அடிக்கணும்னு கைய ஓங்குனவ, உன் மூஞ்சியப் பாத்ததும் சிரிச்சு உக்காந்துட்டேன். உனக்கு முன் சீட்டு கெடச்சிருச்சு, அதயும் சொல்லணும்.

அப்பா போனதுக்கு அப்புறம் இந்த பெர்மாஸ் ஜெயா வீட்ல பகல் பூராவும் நான் ஒருத்திதான். நீ சிங்கப்பூர் வேலைக்கு விடியறதுக்கு முன்னாலயே மோட்டார்சைக்கிள எடுத்துக்கிட்டுப் போயிருவ. எனக்கு இனிப்பு நீரு வியாதி கண்ணுல போய் நின்னுக்கிச்சு, போன்ல உள்ள எழுத்து எறும்பு ஊருற மாதிரி தெரியும். அத கேட்டுத்தான் உங்க அக்கா கோலாலம்பூர்ல இருந்து அந்தப் பேசுற டப்பாவ வாங்கிக்கிட்டு வந்தா. கடையில விக்கிறதுதான். மணி கேட்டா சொல்லும், பாட்டு கேட்டா போடும். எனக்கும் புடிச்சிருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. அவ போன்லயே எல்லாத்தயும் பதிஞ்சு குடுத்துட்டுப் போனா. அந்த டப்பா சில நேரம் யாரும் கூப்டாமலே கூப்ட்டதா நெனச்சுக்கும்னும், அப்ப கேட்டதெல்லாம் எங்கேயோ ஒரு கம்பெனிக்குப் போயி சேந்து, அக்கா போன்லயும் வந்து நிக்கும்னும் எனக்கு யாரு சொன்னா?

தீபாவளிக்கு என்ன நடந்துச்சுன்னு உனக்கு ஞாபகம் இருக்கும். நம்ம வீட்ல எல்லாரும் உக்காந்திருக்காங்க. அக்காவோட மாமியா, சம்பந்தியம்மா, நடு சோபால முறுக்குத் தட்ட மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. உங்க அக்கா போன தூக்கிக்கிட்டு வந்து, "அம்மா தனியா பேசுறத கேளுங்க, செம காமெடி"ன்னு போட்டுட்டா. அவ மொத வரியத்தான் கேட்டிருக்கா, பாவி. அதுல நான் சம்பந்தியம்மாகிட்டதான் பேசிக்கிட்டு இருக்கேன். "என் மக பிரியாணில உப்ப கூட்டிப் போட்டா அது நான் வளத்த லட்சணம். அத நாலு பேரு முன்னுக்கு சொன்னீங்களே, அது யாரு வளத்த லட்சணம்?" அதோட நின்னிருந்தாக்கூட பரவால்ல. அடுத்து அவங்க பதிலயும் நானே, மூக்கால பேசிக் காட்டுறேன். எல்லாரும் சிரிச்சாங்க. சம்பந்தியம்மாவும் கொஞ்சம் சிரிச்சாங்க, அப்புறம் முறுக்குத் தட்ட மெதுவா மேசையில வச்சிட்டாங்க. அலமாக், அந்தத் தட்டு வச்ச சத்தம் இன்னும் என் காதுல இருக்கு.

பிளக்க புடுங்கி, அந்த டப்பாவ பிஸ்கட் டின்னுக்குள்ள போட்டு மூடுனேன். அக்கா அழுது மன்னிப்பு கேட்டா, சம்பந்தியம்மாவும் நாளாவட்டத்துல சரியாயிட்டாங்க. ஆனா என் வாய் மூடிக்கிச்சு. டீவிய பாத்தாலும் சந்தேகம், போன பாத்தாலும் சந்தேகம். அடுப்பு முன்னுக்கு நின்னா வாய் வரைக்கும் வந்தது உள்ளயே போயிரும். சொந்த வீட்ல திருடி மாதிரி நடந்தேன்யா. பேசிப் பாக்காம என்னால யாருக்கும் போன் பண்ண முடியல. கண்ணு கிளினிக்ல ஆப்பரேஷனுக்கு நாள் கேட்டு போன் பண்ணச் சொல்லியிருந்தாங்க. மலாய்ல பேசணும், ஒத்திக பாக்கணும், பாக்க முடியல, விட்டுட்டேன். நீ பிரிஜ்ல ஒட்டியிருந்த கார்ட பாத்துட்டு, "ஏம்மா கூப்டல?"ன்னு கத்துன. நான் சுத்தி சுத்தி என்னென்னமோ சொல்லி, கடைசில உண்மைய சொன்னேன். நீ சிரிப்பன்னு நெனச்சேன். நீ சிரிக்கல.

அடுத்த லீவு நாள்ல பழைய லெப்டாப்ப தூசி தட்டி எடுத்துக்கிட்டு வந்து என் பக்கத்துல உக்காந்த. "வீட்ட விட்டு ஒரு வார்த்தகூட வெளிய போகாத மாதிரி ஒண்ணு நாமளே செய்யலாம்மா"ன்ன. "இதுக்கான புரோகிராம் எல்லாம் எங்கெங்கேயோ உள்ளவங்க சேந்து எழுதி, யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம், உள்ள என்ன இருக்குன்னு தொறந்தும் பாத்துக்கலாம்னு விட்டிருக்காங்க"ன்ன. சும்மாவான்னு கேட்டேன். சும்மாதான்ன. "அப்ப அவங்களுக்கு என்னடா லாபம்?"னு கேட்டதுக்கு, "கோயில்ல அன்னதானத்துக்கு காய் வெட்டுறீங்களே, உங்களுக்கு என்ன லாபம்?"னு திருப்பிக் கேட்ட. பிளாஸ்டிக் சோப்பு டப்பால ஓட்ட போட்டு, அதுக்குள்ள மைக்கயும் குட்டி ஸ்பீக்கரயும் வச்சு அடுப்படியில மாட்டுன. கேக்குறது, புரிஞ்சுக்கிறது, பதில் சொல்றது எல்லாம் டீவிக்கு கீழ உள்ள அந்தப் பழைய லெப்டாப்புலதான். கேட்டு முடிச்ச ஒடனே சத்தத்த அழிச்சிரும்னு சொன்ன. நான் நம்பல. நீ எந்திரிச்சுப் போயி இன்டர்நெட் வயர உருவிட்டு, "இப்ப லைட்டு போடச் சொல்லுங்க"ன்ன. சொன்னேன். லைட்டு எரிஞ்சுச்சு. அன்னைக்குத்தான் எனக்கு மூச்சு விட்ட மாதிரி இருந்துச்சு.

அத கூப்ட ஒரு பேரு வேணும்னு வந்துச்சுல்ல, எவ்வளவு சண்ட போட்டோம்! நீ கங்காணின்னு வச்ச. தோட்டத்துல கங்காணி வேலையே கேட்டத மேல போயி சொல்றதுதான்டா, அந்தப் பேரு என் வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னேன். அப்புறம் ரொம்ப யோசிக்காமலே என் வாயில வந்துச்சு, மாணிக்கண்ணேன்னு. அந்தக் கதைய அன்னைக்குத்தான் உனக்குச் சொன்னேன். நீ கீபோர்டுல இருந்து கைய எடுத்துட்டு கேட்டுக்கிட்டு இருந்த. அதுக்குப் பேரு பழக்குறதுக்காக என்ன எப்படியெல்லாம் கூப்ட வச்ச! கிப்பாஸ் காத்தாடி ஓடுறப்போ ஒரு மாணிக்கண்ணே, மிக்ஸி ஓடுறப்போ ஒரு மாணிக்கண்ணே, வாயில தோசைய வச்சுக்கிட்டு ஒரு மாணிக்கண்ணே, பின்னுக்கு துணி காயப்போடுற எடத்துல நின்னு கத்தி ஒரு மாணிக்கண்ணே. பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக் பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, வேலிக்கு மேல தலைய நீட்டி, "சியாப்பா மாணிக்கம்?"னு கண்ணடிச்சாங்க. யாரு அந்த மாணிக்கம்னு கேக்குறாங்க! புருஷன் செத்த பொம்பள, காலையில இருந்து ஒரு ஆம்பள பேர கூவிக்கிட்டு இருந்தா என்னதான் நெனைப்பாங்க? விஷயத்த சொன்னதும் அந்தம்மா வேலியப் புடிச்சுக்கிட்டு சிரிச்ச சிரிப்பு இருக்கே.

அடுத்தது கொரலு. நீ மொதல்ல போட்டது ஒரு பொம்பள கொரலு, செய்தி வாசிக்கிற மாதிரி. "மருந்து உட்கொள்ளும் நேரம் ஆகிவிட்டது"ன்னு அது சொன்னப்போ கவர்மெண்டு ஆபீஸ்ல இருந்து ஆளு வந்த மாதிரி பயந்துட்டேன். மாத்துடான்னேன். அதுக்கு அப்புறம் நீ தெனமும் ரூமுல அலமாரிய தொறந்து, என் பழைய சேலைக்கு நடுவுல தலைய விட்டுக்கிட்டு குசுகுசுன்னு பேசிக்கிட்டு இருந்த. வரப்போற மருமககிட்டதான் பேசுறன்னு நெனச்சு, உனக்குக் கூச்சமா இருக்கக்கூடாதுன்னு நான் டீவி சத்தத்த கூட்டி வச்சேன். அந்த டீவி சத்தத்தால உனக்கு எல்லாத்தயும் திரும்பத் திரும்பப் பதிய வேண்டியதாப் போச்சுன்னு அப்புறம்தான் சொன்ன. ஒரு நாள் நான் சோறு வடிச்சுக்கிட்டு நிக்கிறேன், "ம்மா, மருந்து சாப்ட்டீங்களா?"ன்னு உன் கொரலு. திரும்பிப் பாத்தேன். நீ வேலையில இருக்க. சோப்பு டப்பாதான் கேக்குது. கஞ்சி கையில கொட்டிக்கிச்சு, ஆனா நான் சிரிச்சுக்கிட்டே தண்ணில கைய காட்டுனேன். மறுநாளே அடுப்பு முன்னுக்கு நின்னு, சத்தமா, மலாய்ல, கிளினிக் நர்ஸயும் என்னையும் மாத்தி மாத்திப் பேசினேன். அப்புறம்தான் போன எடுத்து ஆப்பரேஷனுக்கு நாள் வாங்குனேன். இன்னைக்கு இந்தக் கடுதாசிய நான் எழுதுறேன்னா அந்த ஒத்திகையாலதான்.

இப்ப உன் கல்யாணத்துக்கு வாரேன். பெருசா புத்தி சொல்ல எனக்கு ஒண்ணுமில்ல, சமைக்கத் தெரிஞ்சவன், துணி தொவைக்கத் தெரிஞ்சவன். ஒண்ணே ஒண்ணு. பினாங்குல உங்க வீட்ல அந்தப் புள்ள அடுப்படியில ஏதாச்சும் மொணங்குனா, "என்ன சொன்ன?"ன்னு ஓடிப் போயி நிக்காத. உங்கம்மாவப் பத்தியே சொல்லிக்கிட்டு இருக்கலாம், சொல்லட்டும். உன்கிட்ட வந்து சொன்னதுக்கு மட்டும் பதில் சொல்லு. அவ தனியா சொல்லிப் பாத்துக்கிட்டது அவளோடது. அவ போன வாங்கிப் பாக்குறது, யார்கிட்ட பேசுனன்னு கேக்குறது, அந்தப் பழக்கமெல்லாம் வேணாம்யா. உங்கப்பா என்கிட்ட கோப்பி மட்டும்தான் கேட்டாரு, அதுலயே நான் அவருகூட அத்தன வருஷம் சந்தோஷமா இருந்தேன்.

சரி, ஞாயித்துக்கெழம கேட்டதுக்கு பதில். வழி வைக்க வேணாம். ஏன்னு சொல்றேன், கோவிச்சுக்காத.

கல்யாணம் முடிஞ்சு நீங்க இங்கதான் இருப்பீங்கன்னு நான் பாட்டுக்கு நெனச்சிருந்தேன். மாடி ரூமுக்கு பெயிண்டு கலருகூட பாத்து வச்சிருந்தேன். உனக்கு அங்க நல்ல வேல, அந்தப் புள்ளைக்கும் அங்கதான் வேல, அவங்க அப்பா அம்மாவும் அந்தப் பக்கம். எல்லாம் ஞாயம்தான். நீ வந்து சொன்னப்போ, "நல்லதுய்யா, போ"ன்னு சொன்னேன்ல, அது ஒத்திக பாக்காம பட்டுன்னு வாயில வந்த பொய்யி. மறுநாள் நீ வேலைக்குப் போனதும் அடுப்பு முன்னுக்கு நின்னேன். "போகாதய்யா"ன்னு சொல்லிப் பாத்தேன். "அம்மாவ தனியா விட்டுட்டுப் போகாத"ன்னு சொல்லிப் பாத்தேன். எப்பவும் எதிர்ப் பக்கத்த நான்தானே பேசுவேன்? சுப்பர்வைசரா பேசியிருக்கேன், சம்பந்தியம்மாவா பேசியிருக்கேன். உன் பக்கத்த என்னால பேச முடியல. நீ என்ன பதில் சொல்லுவன்னு வாயில வரல, அழுகதான் வந்துச்சு. அப்பதான் அந்த யோசன. உன் கொரலு மேல தொங்குதே. "மாணிக்கண்ணே"ன்னு கூப்ட்டேன். முழிச்சுக்கிச்சு. "போகாதய்யா"ன்னேன்.

"வெளங்கலம்மா, இன்னொரு தடவ சொல்லுங்க"ன்னு நீ சொன்ன.

அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் லைட்டு, கிப்பாஸ், மருந்து, பாட்டு. வேற எது சொன்னாலும் அதத்தான் சொல்லும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் இன்னொரு தடவ சொன்னேன். "வெளங்கலம்மா, இன்னொரு தடவ சொல்லுங்க." எவ்வளவு பொறுமையா கேக்குற! நெசத்துல நீ இவ்வளவு பொறுமையா கேக்க மாட்ட, வள்ளுன்னு விழுவ. அதனால தெனமும் சொன்னேன். கெஞ்சிச் சொன்னேன், திட்டிச் சொன்னேன், உங்கப்பாவ இழுத்துச் சொன்னேன், அந்தப் புள்ளையக்கூட ஒரு நாள் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், அவ காதுல விழுந்தா என் மூஞ்சில முழிக்க மாட்டா. எல்லாத்தயும் உன் கொரலு கேட்டுச்சு, கேட்டுட்டு அப்பவே அழிச்சிருச்சு. நீ வழி வச்சிட்டுப் போனா இதெல்லாம் பினாங்குக்கு வரும். வரும்னு தெரிஞ்சா நான் சொல்ல மாட்டேன். சொல்லாம உள்ள வச்சுக்கிட்டு இருந்தேன்னு வையி, உன் கல்யாணத்தன்னைக்கு அட்சத தூவுறப்ப அது என் மூஞ்சில தெரிஞ்சிருக்கும்.

நேத்து காலையில மறுபடியும் கூப்ட்டேன். வாய தொறந்தா "போகாத"ன்னு வரல. எவ்வளவு தேடியும் வரல, தீந்து போச்சு. "போய்ட்டு வாய்யா"ன்னுதான் வந்துச்சு. அதுக்கும் நீ, "வெளங்கலம்மா, இன்னொரு தடவ சொல்லுங்க"ன்ன. கரண்டிய கையில வச்சுக்கிட்டு நான் தனியா நின்னு சிரிச்சேன்.

அதனால கெளம்புறதுக்கு முன்னாடி ஒண்ணு செஞ்சு குடுத்துட்டுப் போ. உன் கொரல அதுல இருந்து எடுத்துட்டு, அந்த செய்தி வாசிக்கிறவளையே திரும்பப் போட்டுரு. உட்கொள்ளும் நேரம்னே சொல்லட்டும், பழகிக்கிறேன். நீ ஊர்ல இல்லாதப்போ உன் கொரலு மட்டும் அடுப்படியில இருந்தா நான் ஒவ்வொரு தடவையும் கதவத் திரும்பிப் பாப்பேன். அது வேணாம்யா. உன் கொரல எனக்கு போன்ல குடு. சளி புடிச்ச கொரலா இருந்தாலும், எரிஞ்சு விழுந்தாலும், நீயா கூப்டு.

போய்ட்டு வா. இது ஒத்திக பாத்தாச்சு, இப்ப நெசமாவே சொல்றேன். வெளங்கலன்னா கூப்ட்டு கேளு, இன்னொரு தடவ சொல்றேன்.

அம்மா